89 சதவீத வருகை, மார்க்கும் வருகிறது: பிறகென்ன கவலை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பு. இதுவரை நடந்த 110 பள்ளி நாட்களில் 12 நாள் ஆப்சென்ட், அதாவது 89 சதவீத வருகை. மார்க் 75, 80 என்று வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் வகுப்பாசிரியர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "நாலைந்து நாள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், 12 என்றதும் நம்பவே முடியவில்லை. இருந்தாலும் மார்க் வருகிறதே, இதைப் போய் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்? முழு வருகைக்கு ஆண்டு விழாவில் பரிசு உண்டாம், அதைக் காட்டி ஒழுங்காக அனுப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கணக்கு வாத்தியார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வகுப்பாசிரியராகவும் இருந்து, காலையில் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைத் திறந்தவன். பெரிதுபடுத்த வேண்டிய விஷயம்தான் என்பது என் பதில். ஆனால் 89 என்ற எண்ணுக்காக இல்லை. அந்த 12 நாள் எந்தெந்த நாள் என்பதற்காக. பரிசு யோசனையை விட்டுவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 89ஐப் பார்ப்போம். நம் கண் மார்க் பார்த்தே பழகிய கண். பரீட்சைத் தாளில் 89 என்றால் முதுகில் தட்டிக்கொடுப்போம். வருகையில் அதே 89 வேறு ஜாதி. இதே வேகத்தில் போனால் 200 நாள் கொண்ட பள்ளி ஆண்டில் 22 நாள் போயிருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் நாலு வாரத்துக்கும் மேல். என் பாடக் கணக்கில், வாரத்துக்கு ஆறு பீரியட் வீதம் 26 பீரியட். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெரிய பாடத்தை நடத்தி, பயிற்சிக் கணக்கு போட்டு முடிக்க எனக்கு 12 பீரியட் ஆகும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறவிட்ட பிள்ளையைத் தனிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். காய்ச்சலா, கல்யாணமா, மட்டம் போட்டானா என்ற பேதமெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. இங்கிலாந்தில் இந்தக் கோடு முன்பு 15 சதவீதத்தில் இருந்தது, 2015இல் 10க்கு இறக்கினார்கள். ஜப்பானில் வருடத்துக்கு 30 நாள் என்று கோடு போட்டு, நோய், வறுமை போன்ற காரணங்களைக் கழித்துவிட்டு எண்ணுகிறார்கள். அப்படி எண்ணியும் 2023ஆம் கல்வியாண்டில் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் சேர்த்து 3,46,482 பிள்ளைகள். கொரோனாவுக்குப் பிறகு பல நாடுகளில் இதே கதைதான். அமெரிக்காவில் கொரோனாவுக்கு முன் சுமார் 15 சதவீதமாக இருந்த இந்தப் பட்டியல் 2021-22இல் 28 சதவீதத்தைத் தொட்டது. உங்கள் பையன் தனி ஆள் இல்லை.

நாலைந்து நாள் என்று நினைத்திருந்தேன் என்றீர்களே, அதிலும் நீங்கள் தனி ஆள் இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் அதிக நாள் லீவு போட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்தபோது, உண்மையான எண்ணிக்கையில் ஏறக்குறையப் பாதியைத்தான் சொன்னார்கள். டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே 28,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "உங்கள் பிள்ளை இந்த ஆண்டு இத்தனை நாள் வரவில்லை" என்று வருடத்தில் சில தடவை தபாலில் கடிதம் போனது, அவ்வளவே. அந்தப் பட்டியலில் விழும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. திட்டும் இல்லை, அபராதமும் இல்லை, எண்ணை மட்டும் சொன்னார்கள். உங்கள் வகுப்பாசிரியர் கூப்பிட்டுச் சொன்னதும் அதையேதான், அவர் மேல் வருத்தப்படாதீர்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. மார்க் வருகிறதே? வரும். கொஞ்ச காலம் வரும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் வரும் மார்க்கில் பாதி, ஏழிலும் எட்டிலும் சேர்த்து வைத்த சொத்து. பையன் சுட்டியாக இருந்தால் பரீட்சைக்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து மீதியைப் பிடித்துவிடுவான். வருகை குறைந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துத்தான் மார்க் ஆட்டம் காணும். அப்போது எல்லோரும் அந்த வருடத்து வாத்தியாரைக் குறை சொல்வார்கள் (அது பெரும்பாலும் நானாக இருந்தேன்). சிகாகோவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்த எலெய்ன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2007இல் எழுதிய அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் யார் பாடத்தில் தோற்பார்கள் என்பதை, எட்டாம் வகுப்புத் தேர்வு மார்க்கைவிட ஒன்பதாம் வகுப்பு வருகை எட்டு மடங்கு நன்றாகக் காட்டிக்கொடுத்ததாம். நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கில்லை. அங்கே ஒன்பதாம் வகுப்புதான் புதுப் பள்ளியில் முதல் வருடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புது இடம், பாடத்துக்கு ஒரு வாத்தியார், ஆளுக்கொரு கண்டிப்பு. ஆனால் அந்த வயதின் தடுமாற்றம் எங்கும் ஒன்றுதான்.

ஒரு நாள் போனால் அப்படி என்ன போய்விடுகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோஷுவா குட்மேன் என்ற பொருளியலாளர் 2014இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். பனி கொட்டிப் பள்ளிக்கே விடுமுறை விட்ட நாட்களால் பிள்ளைகளின் மார்க் குறையவில்லை. பள்ளி நடக்கும்போது பிள்ளை மட்டும் வராமல் போன நாட்களால் குறைந்தது, அதிலும் கணக்கில். முதல் தடவை படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. எந்த வாத்தியாருக்கும் தெரிந்த விஷயம் இது. மொத்தப் பள்ளிக்கும் லீவு என்றால் நான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். ஒரு பையன் மட்டும் வரவில்லை என்றால் நாற்பது பேரை நிறுத்தி வைக்க முடியாது. வண்டி போய்விடும்.

"நோட்டை வாங்கி எழுதிக்கொள்கிறான் சார்" என்பார்கள். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் இருந்த பையனின் நோட்டைப் பிரித்தால் காரணிப்படுத்தும் கணக்கில் மூன்றாவது வரி அடித்து எழுதியிருக்கும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி, மேலே "மைனஸ்!!" என்று கிறுக்கல், பென்சிலால் இரண்டு சின்னப் பெருக்கல். வராத பையன் காப்பி எடுத்த நோட்டில் அதே கணக்கு முத்து முத்தாக இருக்கும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, அம்புக்குறியும் இல்லை. விடை சரியாக இருக்கும். ஆனால் அன்றைக்கு வகுப்பில் நடந்த பாடம் அந்த அடித்த வரியில்தான் இருந்தது. பாதிப் பேர் குறியை மாற்றாமல் போட்டார்கள், ஏன் தப்பு என்று பத்து நிமிடம் பேசினோம், யாரோ ஒருத்தி பலகைக்கு வந்து போட்டுக் காட்டினாள். காப்பி எடுக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

அதனால் 12 நாளும் சேர்ந்தாற்போல் போனதா, சிதறிப் போனதா என்று பாருங்கள். டைபாய்டு வந்து இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றி நான் அதிகம் பயந்ததில்லை. எது போயிற்று என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பதினைந்து நாளுக்கு ஒன்று, இரண்டு என்று நழுவும் பிள்ளைதான் ஆபத்து. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கும், எங்கே என்று அவனுக்கே தெரியாது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு, வருகை 93 சதவீதம். எந்தப் பட்டியலிலும் வராத எண். ஆண்டு இறுதியில் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மொத்தம் 14 ஆப்சென்ட், அதில் 11 புதன்கிழமை. லீவ் லெட்டரில் வயிற்று வலி, தலைவலி, மறுபடி வயிற்று வலி. கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். புதன் மூன்றாவது பீரியட் ஆங்கிலம், வரிசையாக எழுந்து நின்று பத்தி பத்தியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவளுக்குத் திக்குவாய் உண்டு. ஒரு வருடம் முழுக்கத் தினமும் அவள் பேருக்கு நேரே குறி போட்ட எனக்கு அது கண்ணில் படவில்லை. மறு வருடம் ஆங்கில ஆசிரியை ஓர் ஏற்பாடு செய்தார். எந்தப் பத்தி என்று முந்தைய நாளே அவளிடம் சொல்லிவிடுவார், மதிய இடைவேளையில் தன்னிடம் மட்டும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்வார். விருப்பம் இருந்தால் வகுப்பில் படிக்கலாம், இல்லையென்றால் கட்டாயமில்லை. அடுத்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு புதன்தான் வரவில்லை, அன்று நிஜமாகவே காய்ச்சல். ஆங்கிலத்தில் அவள் மார்க் முன்னாலும் 80 சுமார்தான், பின்னாலும் 80 சுமார்தான். மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வருடமாகப் பயந்து கிடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது சதவீதத்தை இல்லை, நாள்வாரிப் பட்டியலை. 12 தேதிகளையும் வாங்கி ஒரு காலண்டரில் வட்டம் போடுங்கள். பக்கத்தில் கால அட்டவணையையும் டெஸ்ட் தேதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைகளாகக் குவிந்தால் சனி, ஞாயிறு தூக்கத்தைப் பாருங்கள். டெஸ்ட் நாளாகவோ அதற்கு முந்தைய நாளாகவோ இருந்தால் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பாடம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பாடமோ அந்த வாத்தியாரோ. விளையாட்டு பீரியட் என்றால் உடை மாற்றும் இடத்தில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். கேலியும் அடிதடியும் நடக்கும் இடங்களில் ஆசிரியர் இருப்பதில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் வீட்டுக் காரணம். யாருக்கோ துணையாக நிறுத்திக்கொள்வது, குடும்ப விசேஷம், ஊர்ப் பயணம். அது உங்கள் கையில் இருக்கிறது.

வில்லியம் கியர்னி என்ற உளவியலாளர் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளோடு பல காலம் வேலை செய்தவர். பிள்ளை எதற்காக மறுக்கிறான் என்பதை அவர் நாலாகப் பிரிப்பார்: பள்ளியில் ஏதோ ஒன்று தரும் கலக்கத்திலிருந்து தப்பிக்க, நாலு பேர் முன்னால் நிற்பதிலிருந்தும் சோதிக்கப்படுவதிலிருந்தும் தப்பிக்க, வீட்டிலுள்ளவர்களின் கவனத்தைப் பெற, வெளியே கிடைக்கும் சுகத்துக்காக. முதல் இரண்டும் விலகி ஓடுவது, அடுத்த இரண்டும் ஒன்றை நாடிப் போவது. பெற்றோர் பெரும்பாலும் நாலாவதை மட்டுமே சந்தேகிப்பார்கள், செல்போனைப் பிடுங்குவார்கள். பயந்து ஓடும் பிள்ளையிடம் செல்போனைப் பிடுங்கிப் பயன் இல்லை. போன் கிடைக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் பரிவாகப் பேசிக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை. எது என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுக்காதீர்கள். காலையில் வரும் வாந்தியும் வயிற்று வலியும் பாதி நேரம் நடிப்பே இல்லை, பதற்றம் வயிற்றில்தான் முதலில் தெரியும். திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின், "சும்மா நடிக்கிறான்" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் இந்த வயதில் அதைச் சோம்பல் என்றே முடிவு கட்டிவிடுகிறோம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, அது உடம்பின் கடிகாரம் செய்யும் வேலை. இரவு பத்துக்குப் படுக்கச் சொன்னாலும் பதினொன்றரை வரை புரள்வான். 2016இல் சியாட்டில் நகரத்து உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7:50இலிருந்து 8:45க்குத் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் அந்தக் கூடுதல் நேரத்தைப் போனில் கழிப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அளந்து பார்த்ததில் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். ஆய்வு நடந்த இரண்டு பள்ளிகளில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகையும் கூடியது. பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் திங்கட்கிழமை வட்டங்கள் அதிகமாக இருந்தால், ஞாயிறு காலை பதினொரு மணி வரை தூங்க விடுவதை ஒன்பதுக்குக் கொண்டுவரலாம். ஞாயிறு மதியம் வரை தூங்கியவனுக்கு அன்று இரவு தூக்கம் வராது, திங்கள் காலை எழவும் முடியாது.

பதிவேடு சொல்லாத ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் பையனுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது பள்ளி வேலையாக வெளியே போனதாகக் குறிப்பு) போட்டுவிடுவோம். ஏட்டில் ஆப்சென்ட் இல்லை. ஆண்டு விழாவில் கோப்பையோடு படம் எடுத்து மாட்டுவோம். அந்தப் பையன் என் வகுப்பில் இல்லாத நாள் 20 இருக்கும், ஆனால் யாரும் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள். பள்ளிக்குப் பெருமை தேடித் தந்த பிள்ளை கணக்கில் தடுமாறினால் "விளையாட்டிலேயே கவனம்" என்று அவனையே சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். கோப்பை வாங்கி வந்த மறுநாள் கைதட்டினோமே தவிர, போன வாரம் விட்டுப்போன மூன்று பாடத்தை எப்போது சொல்லிக் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசியதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. வகுப்பில் ஒட்டாத சில பிள்ளைகள் மாலை ஃபுட்பால் பயிற்சிக்காகவும் நாடக ஒத்திகைக்காகவும்தான் காலையில் வருகிறார்கள். வருகை குறைவு என்று தண்டனையாக டீமிலிருந்து எடுத்துவிட்டால் அவன் பள்ளிக்கு வர இருந்த ஒரே காரணமும் போய்விடும். உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

இப்போது பரிசு. ஒரு வருடம் முழு வருகைப் பரிசுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒரு பையன், மெட்ராஸ் ஐ வந்து கண் சிவந்து, பீளை கட்டிய கண்ணோடு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வீட்டுக்குப் போ என்றால் அழுகிறான். அடுத்த வாரம் வகுப்பில் ஒன்பது பேர் இல்லை. அவன் பரிசு வாங்கினான். வேடிக்கையை விடுங்கள், ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,000 பிள்ளைகளுக்கு மேல் வைத்து ஒரு சோதனை நடந்தது. ஏற்கனவே ஒரு மாதம் முழு வருகை காட்டியிருந்த பிள்ளைகளில் சிலருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. சான்றிதழ் வாங்கியவர்களின் வருகை அடுத்த மாதம் மற்றவர்களைவிடக் குறைந்தது. இனிமேல் முழு வருகை காட்டினால் பரிசு என்று முன்கூட்டியே அறிவித்ததிலும் பலன் தெரியவில்லை. 2021இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. பரிசு கொடுத்ததும் பிள்ளை, "ஓ, எல்லோரும் இவ்வளவு வருவதில்லை போல, நான் தேவைக்கு மேலேயே வந்துவிட்டேன்" என்று புரிந்துகொள்கிறான். உங்கள் பையன் விஷயத்தில் அதுவும் இல்லை. 12 நாள் போனபிறகு முழு வருகைப் பரிசு அவனுக்குக் கிடைக்கப் போவதே இல்லை. கிடைக்காத பரிசைக் காட்டி எப்படி அனுப்புவீர்கள்?

95 சதவீதம் என்று அவனுக்கு இலக்கும் வைக்காதீர்கள். 200 நாளில் 95 சதவீதம் என்றால் 10 நாள்தான் விடலாம், அது எப்போதோ தாண்டியாயிற்று. மீதி 90 நாளில் நாலு நாள் மட்டும் தவறினால் ஆண்டு முடிவில் 92 வரும். இந்த வருடத்துக்கு அது போதும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, லீவு போட்டுத் திரும்பி வரும் முதல் நாள். ஒரு நாள் வராத பிள்ளை மறுநாள் காலையில் வகுப்பில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருப்பான். ஹோம்வொர்க் என்னவென்றே தெரியாமல் திட்டு வாங்குவான், அதற்குப் பயந்தே இன்னொரு நாள் போடுவான். ஒரு நாள் இரண்டு நாளாவது இப்படித்தான். லீவு போட்ட அன்று மாலையே கூடப் படிக்கும் ஒருவனுக்குப் போன் போட்டு, நாளைக்கு என்ன ஹோம்வொர்க், கணக்கில் எந்தப் பயிற்சி, யாராவது எங்கேயாவது தப்புப் போட்டார்களா என்ற மூன்றையும் அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் காப்பி எடுத்த நோட்டில் இல்லாதது.

அவனிடம் பேசும்போது "ஏன்டா போகலை" என்று தொடங்கினால் "வயிறு வலிச்சுது" என்பதோடு முடியும். காலண்டரை அவன் முன்னால் வைத்து, "இந்த நாலு நாளும் வியாழனா இருக்கே, வியாழக்கிழமை என்ன பீரியட்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி. பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

நாள்வாரிப் பட்டியல் கிடைத்ததும் தேதியோடு கிழமையும், அவன் வகுப்புக் கால அட்டவணையும் எழுதி அனுப்புங்கள். நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.